ரிஃப்ளெக்சாலஜி சிகிச்சையாளர்களுக்குத் தேசியச் சங்கம் எதற்கு? வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாதத்திலும், சில வேளை உள்ளங்கையிலும் காதிலும், குறிப்பிட்ட இடங்களை விரலால் அழுத்திக் கொடுக்கும் முறையே ரிஃப்ளெக்சாலஜி. காட்பாடி முதல் ஆம்பூர் வரை இதைத் தொழிலாகச் செய்பவர்களும், கற்றுக்கொள்ள வருபவர்களும், கால் வலியோடு வந்து நாற்காலியில் உட்காருபவர்களும் சங்கம், சான்றிதழ், உறுப்பினர் அட்டை பற்றிக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நானும் இந்தத் தொழிலில் இருப்பவன், பயிற்சி கொடுப்பவன். ஆகவே இந்த விஷயத்தில் எனக்கென்று ஒரு நிலைப்பாடு உண்டு. ஒரு சங்கம் எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தது என்பது எனக்கு முக்கியமில்லை. எதைச் செய்யக் கூடாது என்று அது தன் உறுப்பினருக்குச் சொல்கிறது, சொன்னதை மீறினால் என்ன செய்கிறது என்பதை வைத்தே அதை எடைபோடுவேன்.

தேசியச் சங்கம் என்றால் அது அரசு அமைப்பா?

இல்லை. அலோபதி மருத்துவருக்கும் சித்த மருத்துவருக்கும் சட்டத்தால் அமைந்த ஆணையங்கள் இருக்கின்றன. அங்கே பெயர் பதியாமல் அவர்கள் தொழில் செய்ய முடியாது. பிசியோதெரபி, கண் பரிசோதனை போன்ற துணைத் தொழில்களுக்கு 2021-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் ரிஃப்ளெக்சாலஜி இல்லை. இயற்கை மருத்துவத்துக்கு ஐந்தரை ஆண்டுப் பட்டப் படிப்பு இருக்கிறது. அக்குபங்சரைத் தனிச் சிகிச்சை முறையாக மத்திய சுகாதார அமைச்சகம் 2019-இல் ஏற்றது. ரிஃப்ளெக்சாலஜிக்கு இந்த இரண்டில் எதுவும் வாய்க்கவில்லை.

ஆகவே சங்கம் என்பது தொழில் செய்பவர்கள் தாங்களாகக் கூடி அமைத்துக்கொள்வது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். கூட்டுப் பெருங்காயம் விற்பவர்கள் கூடிப் பதிந்தாலும் அதே அலுவலகம், அதே படிவம், அதே முத்திரைதான். பதிவு எண் அந்த அமைப்பு இருக்கிறது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. அவர்கள் செய்யும் சிகிச்சைக்கு அரசு அங்கீகாரம் கொடுத்ததாக அதற்குப் பொருளில்லை. "அரசு பதிவு பெற்றது" என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தால், பதிவு பெற்றது எது என்று கேளுங்கள்.

அப்படியானால் சங்கத்தில் சேராமலே தொழில் செய்யலாமா?

செய்யலாம். பிரிட்டனிலும் அப்படித்தான். அங்கே யார் வேண்டுமானாலும் தன்னை ரிஃப்ளெக்சாலஜிஸ்ட் என்று அழைத்துக்கொள்ளச் சட்டம் தடை போடவில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன், நியூ ஹாம்ப்ஷயர் போன்ற சில மாநிலங்கள் மட்டும் உரிமமோ சான்றோ கேட்கின்றன.

பிறகு ஏன் வெளிநாடுகளில் இத்தனை சங்கங்கள்?

தொழில் பரவிய விதத்தைப் பார்த்தால் இது புரியும். அமெரிக்காவில் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்த வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட், உடம்பைத் தலை முதல் கால் வரை பத்து மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்தில் கொடுக்கும் அழுத்தம் அதே மண்டலத்தின் இன்னோர் இடத்தில் வலியைக் குறைக்கும் என்றார். அவர் புத்தகம் வெளிவந்தது 1917-இல். 1930-களில் யூனிஸ் இங்ஹாம் என்ற பெண்மணி இதைப் பாதத்துக்குக் கொண்டுவந்து, இன்று எல்லா நிலையங்களின் சுவரிலும் தொங்கும் பாத வரைபடத்துக்கு அடிப்படை போட்டார். அவர் ஊர் ஊராகப் போய் வகுப்பெடுத்தவர். அவரிடம் கற்ற டோரீன் பேலி 1960-களில் பிரிட்டனில் இதைப் பரப்பினார்.

ஒருவரிடம் கற்றவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்து வளர்ந்த தொழில் இது. பல்கலைக்கழகமும் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. இரண்டு வாரம் படித்தவரும் இரண்டு ஆண்டு படித்தவரும் ஒரே பலகையை மாட்டிக்கொண்டார்கள். அந்தக் குழப்பத்தைச் சரிசெய்யத்தான் சங்கங்கள் பிறந்தன. கனடாவில் 1976-இலும், பிரிட்டனில் 1984-இலும், அமெரிக்காவில் 1995-இலும் தேசியச் சங்கங்கள் தோன்றின. இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, அமெரிக்காவில் 1991-இல் தேர்வு நடத்துவதற்கென்றே தனியாக ஒரு வாரியம் அமைத்ததுதான். பாடம் நடத்துபவர் வேறு, தேர்வு வைப்பவர் வேறு. நம் பக்கத்தில் பயிற்சிக் கட்டணம் வாங்குபவரே தேர்வும் வைத்து, அவரே சங்கத் தலைவராகவும் இருந்து, அவரே சான்றிதழில் கையெழுத்தும் போட்டுவிடுகிறார்!

நல்ல சங்கம் நாள்தோறும் என்ன வேலை செய்யும்?

முதல் வேலை, உறுப்பினர் பட்டியலை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருப்பது. யார் எங்கே படித்தார், எப்போது சேர்ந்தார், இப்போதும் உறுப்பினரா என்று பொதுமக்கள் சரிபார்க்க முடிய வேண்டும். பிரிட்டனில் 2008-இல், அரசின் ஆதரவோடு, மாற்றுச் சிகிச்சையாளர்களுக்கான தன்னார்வப் பதிவேடு ஒன்றை ஆரம்பித்தார்கள். ரிஃப்ளெக்சாலஜி சிகிச்சையாளர்களும் அதில் பெயர் பதியலாம். 2013-இல் அந்தப் பதிவேட்டுக்கு அங்கிருக்கும் தொழில்தர ஆணையத்தின் அங்கீகாரம் கிடைத்தது. பதிவது கட்டாயமில்லை. ஆனால் பதிந்தவர் விதிகளுக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

இரண்டாவது, பாடத்திட்டத்தின் குறைந்தபட்ச அளவை நிர்ணயிப்பது. உடற்கூறு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் உண்மையான கால்களில் பழகியிருக்க வேண்டும், அதற்கான குறிப்பேடு எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். படித்து முடித்த பிறகும் ஆண்டுதோறும் சில மணி நேரமாவது மீண்டும் படிக்கச் சொல்வதும் இதைச் சேர்ந்ததே.

மூன்றாவது, காப்பீடு. சிகிச்சையின்போது ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் இழப்பீடு யார் கொடுப்பது? தனி ஆளாகப் போய்த் தொழில் பொறுப்புக் காப்பீடு கேட்டால் நிறுவனங்கள் யோசிக்கும். சங்கம் கூட்டாகப் பேசினால் கிடைப்பது எளிது. வெளிநாட்டுச் சங்கங்களில் பலர் சேர்வதற்கு முதல் காரணமே இதுதான். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நான்காவது, புகார் விசாரணை. இதைப் பற்றித்தான் நான் முதலில் கேட்பேன். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் தொழிலுக்கு வெளியே இருக்கும் ஒருவராவது உட்கார்ந்திருக்கிறாரா? இதுவரை யாரையாவது நீக்கியிருக்கிறார்களா? ஒருவரையும் நீக்காத சங்கத்தில் எல்லோரும் உத்தமர்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

அரசோடு பேசுவது, மாநாடு கூட்டுவது, இதழ் நடத்துவது எல்லாம் இவற்றுக்கு அப்புறம்தான். பொன்னாடை கடைசி.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது, கால் மரத்துப்போகிறது. அழுத்திக்கொண்டால் உணர்ச்சி திரும்பும் என்கிறார்களே?

இந்தக் கேள்விதான் எங்களிடம் அதிகம் வருகிறது. பதிலைத் தெரிந்துகொள்ள வேலூர்க்காரர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை.

1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காலில் புண் ஏன் ஆறாமல் இருக்கிறது என்று ஆராய்ந்தார். நோயே சதையைத் தின்கிறது என்றுதான் அதுவரை நம்பியிருந்தார்கள். அவர் கண்டது வேறு. நரம்பு கெட்டு வலி தெரியாமல் போனதால், முள் குத்தினாலும் செருப்பு கடித்தாலும் அந்த மனிதர் அதே காலை ஊன்றி நடந்துகொண்டே இருந்தார். புண் அதனால் வந்தது. காட்பாடிக்கு அப்பால் கரிகிரியில் 1955 முதல் இயங்கும் தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் இந்தப் பணி தொடர்ந்தது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று எல்லோரும் கேட்டு வாங்கும் மென்மையான ரப்பர் செருப்பு, மரத்த காலைக் காப்பாற்ற இந்த மண்ணில் நடந்த முயற்சிகளோடு சேர்ந்து வளர்ந்தது. சர்க்கரை நோயில் மரத்துப்போகும் காலுக்கும் அதே விதிதான்.

இப்போது யோசியுங்கள். மரத்துப்போன பாதத்தில் மரக்குச்சியை வைத்து அழுத்தினால், "வலிக்கிறது, போதும்" என்று சொல்ல அந்தக் காலுக்கு வழியில்லை. தோலுக்கு அடியில் சதை நசுங்கும். சில நாள் கழித்துக் கொப்புளம், பிறகு புண், அதிலிருந்து விரலை இழப்பது வரை போகலாம். கெட்டுப்போன நரம்பு அழுத்துவதால் திரும்பாது. அப்படிச் சொல்பவரிடம் காலைக் கொடுக்காதீர்கள்.

சங்கத்தின் வேலை இங்கேதான் தெரிய வேண்டும். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்காமல் யார் காலையும் தொடக் கூடாது. பத்து கிராம் விசையில் வளையும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தின் உணர்ச்சியைச் சோதிப்பது மருத்துவமனைகளில் வழக்கம். அந்தச் சோதனை முடிவைக் கேட்டுப் பார்க்காமல் அழுத்தம் கூடாது. குச்சி, உருளை, முள்செருப்பு எதுவும் கூடாது. புண், வெடிப்பு, நகக்கண்ணில் சீழ் இருந்தால் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இந்த நான்கையும் எழுதி வைத்து, மீறுபவரை வெளியேற்றும் சங்கம் வேலூரில் இருந்தால் அது போதும். மற்ற எல்லாவற்றையும் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

வேறு யாருக்கெல்லாம் அழுத்தக் கூடாது?

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக, வலியோடு இருந்தால் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். தேய்க்கவே கூடாது, உடனே மருத்துவமனை. எலும்பு முறிவு, கௌட் என்ற மூட்டு நோயின் வலி உச்சத்தில் இருக்கும் நாட்கள், தோல் தொற்று, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், கர்ப்பத்தின் முதல் மாதங்கள் ஆகியவற்றிலும் மருத்துவரைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

உண்மையில் ரிஃப்ளெக்சாலஜியால் நோய் குணமாகுமா? சங்கம் இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும்?

உள்ளதைச் சொல்ல வேண்டும். கட்டை விரலில் மூளை, பாதத்தின் நடுவில் சிறுநீரகம் என்று வரைபடம் காட்டும் தொடர்புக்கு உடற்கூற்றியலில் ஆதாரம் கிடைக்கவில்லை. வரைபடங்களே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. 2011-இல் மாற்றுச் சிகிச்சைகளை ஆராயும் எட்சார்ட் எர்ன்ஸ்ட் குழுவினர் அதுவரை நடந்த சோதனைகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்து, எந்த நோய்க்கும் இது பயன்படுவதாக உறுதியான சான்று இல்லை என்று முடித்தார்கள். ஆஸ்திரேலியாவில் அரசு நடத்திய ஆய்வுக்குப் பிறகு, 2019 ஏப்ரல் 1 முதல் தனியார் மருத்துவக் காப்பீட்டில் ரிஃப்ளெக்சாலஜிக்குப் பணம் கொடுப்பது நின்றது. அங்கும் தேசியச் சங்கம் இருந்தது. சங்கம் இருப்பதாலேயே ஆதாரம் வந்துவிடாது.

அப்படியானால் நான் ஏன் இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்று கேட்பீர்கள். காலை நன்றாகப் பிடித்துவிட்டால் உடம்பு தளர்கிறது, மனம் அமைதியாகிறது, சிலருக்குத் தூக்கம் வருகிறது. அதற்குக் காசு கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதை வாங்குவதில் எனக்கு உறுத்தல் இல்லை. பிரிட்டனில் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பும் இந்த அளவுக்குத்தான் அனுமதிக்கிறது: இளைப்பாறல் என்று சொல்லலாம், நோய் தீரும் என்று சொல்லக் கூடாது. தன் உறுப்பினர் நோயைக் கண்டுபிடிக்கவோ, மருந்தை நிறுத்தச் சொல்லவோ கூடாது என்று சங்கம் எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

"சர்க்கரை, பி.பி., பக்கவாதம் குணமாகும்" என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா?

ஆட்சேபகரமான விளம்பரங்களுக்கு எதிராக 1954-இல் இயற்றிய சட்டம் ஒன்று இருக்கிறது. சர்க்கரை, இரத்த அழுத்தம், பக்கவாதம், புற்றுநோய் உள்பட ஒரு பட்டியலே அதில் உண்டு. அந்த நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்தால் முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். மருந்து என்ற சொல்லுக்கு அந்தச் சட்டம் கொடுக்கும் விளக்கம் மிக விரிவானது. உடலின் இயக்கத்தை மாற்றுவதற்கென்று விற்கும் பொருள்களும் அதில் அடங்கும். ஆகவே பொருட்காட்சியில் அதிரும் கால் இயந்திரத்தை நிறுத்தி வைத்துச் சர்க்கரைக்கு மருந்து என்று கூவுபவர் கவனமாக இருப்பது நல்லது. வெறும் கையால் அழுத்துபவர் இதில் தப்பினாலும், 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறான விளம்பரத்துக்காக அவரைக் கேள்வி கேட்கும்.

இரண்டு நாள் பயிற்சி முடித்தால் பெயருக்கு முன்னால் "டாக்டர்" போட்டுக்கொள்ளலாம் என்கிறார்களே?

முடியாது. பட்டம் கொடுக்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றுக்கு இணையான நிறுவனங்களுக்கும்தான் என்று 1956-இன் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. சங்கம் கொடுக்கக் கூடியது பயிற்சிச் சான்றிதழ் மட்டும்.

ஆம்பூர் ஷூ தொழிற்சாலையில் பெண்களுக்கு இலவச முகாம் நடத்தக் கேட்டிருக்கிறார்கள். போகலாமா?

போங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் நாள் முழுவதும் நின்றும் தையல் இயந்திரத்தை மிதித்தும் வேலை செய்பவர்களுக்குக் குதிகால் வலியும் கால் வீக்கமும் சகஜம். கால் மணி நேரம் காலைப் பிடித்துவிட்டால் அவர்களுக்குச் சுகமாக இருக்கும். ஆனால் வலிக்குக் காரணம் நிற்பதாக இருந்தால் மருந்து ஒரு ஸ்டூலிலும், நிற்கும் இடத்தில் போடும் ரப்பர் விரிப்பிலும், இடையே கிடைக்கும் ஓய்விலும் இருக்கிறது. முகாம் முடிந்ததும் சங்கம் இதை நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டால் அந்தப் பெண்களுக்கு என்ன லாபம்? முகாமில் உறுப்பினர் அட்டை விற்பதும் கூடாது.

சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியிருக்கும் லாட்ஜ்களில் வந்து செய்யச் சொல்கிறார்கள்.

வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்து வாரக்கணக்கில் தங்கியிருப்பவர்கள் அங்கே அதிகம். களைப்பும் கவலையும் உள்ளவர்கள். எதைச் சொன்னாலும் நம்பும் நிலையில் இருப்பவர்கள். அறுவை முடிந்தவர், கீமோதெரபி நடப்பவர், டயாலிசிஸ் செய்பவர் என்றால், சிகிச்சை கொடுக்கும் மருத்துவரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் தொடக் கூடாது. மொழி தெரியாதவரிடம் நோய் விவரத்தைச் சரியாகக் கேட்க முடியாது என்றால் திரும்பி வந்துவிடுங்கள். துணைக்கு வந்தவர் நல்ல உடல்நிலையில் இருந்து, அவருக்குக் கால் வலி என்றால் அது வேறு.

பெண் சிகிச்சையாளர்களை மசாஜ் பார்லரோடு சேர்த்துப் பேசுகிறார்கள். சங்கம் உதவுமா?

உதவ வேண்டும். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு ஸ்பாக்களில் கேமரா கட்டாயம் என்றது. அடுத்த மாதமே மதுரைக் கிளையின் இன்னொரு தீர்ப்பு, அது தனி மனித அந்தரங்கத்தில் தலையிடுவதாகும் என்று மாறுபட்டது. நீதிமன்றங்களே இப்படி வேறுபடும் இடத்தில், தனியாகக் கடை நடத்தும் ஒரு பெண்ணிடம் காவலர் வந்து கேட்டால் அவர் என்ன சொல்வார்? சங்கத்தின் நடத்தை விதிகள் அவர் கையில் இருந்தால் பேச ஒரு பிடி கிடைக்கும்: முழங்காலுக்கு மேல் தொடுவதில்லை, வந்தவர் உடை மாற்றத் தேவையில்லை, கதவு தாழிடுவதில்லை, வருபவர் விவரம் பதிவேட்டில் இருக்கும். அத்துமீறும் வாடிக்கையாளரை அந்த நிமிடமே வெளியே அனுப்ப அவருக்கு உரிமை உண்டு என்பதும் அதே விதிகளில் இருக்க வேண்டும். தொடுவதற்கு முன் சம்மதம் கேட்பது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான மரியாதை.

சிகிச்சையால் காயம் ஏற்பட்டால் எங்கே புகார் கொடுப்பது?

முதலில் காயத்துக்கு மருத்துவம். படம் எடுத்து வையுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். சிகிச்சை கொடுத்தவர் சங்க உறுப்பினர் என்றால் ஒழுங்குக் குழுவுக்கு எழுதுங்கள். ஆனால் அதன் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நேரடியாக வழக்குப் போடலாம். நீங்கள் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம்.

பழைய வேலூர் மாவட்டத்துக்கு ஒரே கிளை போதுமா, மூன்று மாவட்டத்துக்கும் தனித்தனியாக வேண்டுமா?

1989-இல் வட ஆர்க்காடு இரண்டானது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. வரைபடம் மாறியதே தவிர, ஆம்பூர்க்காரர் வேலூர் வருவதும் ஆற்காட்டுக்காரர் வேலூர் வருவதும் நிற்கவில்லை. இருக்கும் ஆட்களைப் பார்த்தால் ஒரே கிளை போதும். மூன்றாகப் பிரித்தால் மூன்று தலைவர், மூன்று செயலாளர், மூன்று பொருளாளர் கிடைப்பார்கள். உறுப்பினர்தான் மிஞ்ச மாட்டார்.

சந்தா கட்டுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

சங்கத்தின் துணை விதிகளின் நகலைக் கேளுங்கள். கடைசியாக எப்போது பொதுக்குழு கூடியது, கணக்கைத் தணிக்கை செய்தார்களா என்று கேளுங்கள். ஆயுள் சந்தாவை ஒரே தவணையில் கேட்டால் தயங்குங்கள்; ஆண்டுச் சந்தா என்றால் பிடிக்காதபோது விலக வழியிருக்கும். காப்பீடு உண்டு என்றால் பாலிசியின் நகலில் உங்கள் தொழிலின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை உள்ளவரின் காலைப் பற்றி அவர்கள் விதி என்ன சொல்கிறது என்று கேளுங்கள். பதிலுக்குப் பாத வரைபடத்தைக் காட்டினால் சந்தாவைக் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.